கூரையில்லாத சுவரோரம் சொட்டிய நீர்

அனஸ்ரேசியா பொய் சொல்லுகிறவள் அல்லள். நாலு பேர் கூடியிருந்து பேய், பிசாசு என்று கதைக்கத் தொடங்கினால், தேநீர் போடுகிறேன் என்று சொல்லி எழுந்து போய்விடுகிறவள். ஆகையால், சென்ற மார்கழியில் ஒஸ்லோவின் பழைய நகரில் அவளுக்கு நேர்ந்ததை நம்ப மனமில்லாதவர்கள் நம்பாமல் விடலாம். நடக்கவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டா. அது நடந்தது. அவள் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் இங்கே கூட்டப்படவில்லை.

அவள் மன்னார்க் கரையிற் பிறந்த கத்தோலிக்கப் பெண். கணவன் பிலேந்திரன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். இருவரும் ஒஸ்லோவின் புறநகரான ஹவுகன்ஸ்டுவாவில், மாடி வீடு ஒன்றில் வசிக்கிறார்கள். அவள் பழைய நகரிலுள்ள பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை செய்கிறாள்.

அந்த வீட்டில் இரண்டு ஆண்டுகளாகச் சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. மாதம் நிறையவில்லை. அனஸ்ரேசியாவை மயக்கி, வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். அவள் கண் விழிப்பதற்கு முன்பே குழந்தை போய்விட்டது. அரைமணி நேரங்கூட இந்த உலகத்தில் இருக்கவில்லை. அந்த நேரமெல்லாம் அதனோடு இருந்த சொந்தம் தகப்பன் ஒருவனே.

விழித்ததும் அவள் அவனிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"தண்ணி ஊத்தினீங்களோ?"

கத்தோலிக்கர்களுக்கு அந்தக் கேள்வியின் பாரம் தெரியும். சாகக் கிடக்கும் குழந்தைக்குக் குருவானவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பக்கத்தில் நிற்கிற எவரும் தண்ணீர் வார்க்கலாம். ஒரு பெயர், கொஞ்சம் தண்ணீர், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் நாமம். அவ்வளவே ஆபத்துக்கால ஞானஸ்நானம்.

பிலேந்திரன், "இல்லை" என்றான்.

அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையின் கடைசி நேரத்தில் தகப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு யன்னலோரம் நின்றதாக, பிறகு ஒரு தாதி வாய் தவறிச் சொன்னாள். அந்த முதுகை அனஸ்ரேசியாவால் மன்னிக்க முடியவில்லை.

அவள் சிறுமியாக இருந்தபோது, ஞானஸ்நானம் பெறாத ஒரு பச்சைக்குழந்தையைச் சேமக்காலை என்னும் இடுகாட்டின் வேலிக்கு வெளியே, உடைமரத்தடியில் புதைத்ததைப் பார்த்திருக்கிறாள். இக்காலத்தில் திருச்சபை அப்படிச் செய்வதில்லை. ஒஸ்லோவிலுள்ள குருவானவரும், பிள்ளை ஆண்டவருடைய கையில் இருக்கிறாள், பயப்பட வேண்டா என்று எத்தனையோ முறை ஆறுதல் சொன்னார். அவளுடைய புத்தி அதை ஏற்றுக்கொண்டது. இரவில் தூக்கம் வராதபோது மட்டும், குழந்தை வேலிக்கு வெளியே நின்றது.

சோஃபி என்று பெயர் வைப்பதாக அவள் மனத்துக்குள் முடிவு செய்திருந்தாள். கணவனுக்குக்கூட அதைச் சொல்லியிருக்கவில்லை. கல்லறையில் பெயரில்லாத சிறு மரப்பலகை ஒன்றுதான் நின்றது.

சென்ற மார்கழியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பியோர்ண்டாலில் இருக்கும் தமையன் றொபினின் வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு அங்கே போய்விடுவது, திரும்புவதில்லை. பிலேந்திரனுக்கும் அது தெரியும். அவன் தடுக்கவில்லை. அதுவும் அவளுக்கு வலித்தது.

அந்த வாரத்திலேதான் இது நடந்தது.

அவளுடைய சின்னம்மாவின் மகள் யூலியா, நோர்வேயிற் பிறந்தவள், தொல்லியல் படித்தவள். பழைய நகரில் தேவாலய இடிபாடு ஒன்றின் அருகே கூடாரம் அடித்து, வேறு சிலரோடு அதன் பழைய இடுகாட்டைத் தோண்டிக்கொண்டிருந்தாள். மாலையில் சகோதரிகள் இருவரும் ஒன்றாகவே ரயிலேறி வீடு திரும்புவார்கள். அந்தத் தேவாலயத்தில் இப்போது எஞ்சியிருப்பது முழங்கால் உயரத்துக் கற்சுவர் மட்டுமே. கூரை போய் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது.

புதன்கிழமை மாலை யூலியா அவளுக்கு அந்த இடத்தைச் சுற்றிக் காட்டினாள்.

"அக்கா, நீங்கள் இப்ப நிக்கிறது அடிமையள்டை இடம்."

"நாள் முழுக்கக் கிளினிக்கிலை நிண்டுபோட்டு வாறன். பொருத்தம்தான்."

யூலியா சிரித்தாள். "கோவில் சுவரோடை ராசாவின்டை ஆக்கள். அதுக்கு அங்காலை காணி வைச்சிருக்கிற ஆக்கள். கடைசியா, மதில் கரையிலை அடிமையள். கடலிலை அடிச்சு ஒதுங்கின பிணங்களும் அவையோடைதான். மிடல்ஆல்டர், மத்திய காலத்துச் சட்டம் அப்பிடி. சபை கூடி எழுதினது. இடம் மாறிப் புதைச்சா பிஷப்புக்குத் தண்டம் கட்ட வேணும்."

"செத்த பிறகும் வரிசையோ?"

"எங்கடை ஊரிலை மட்டும் என்ன வாழுதாம்?"

அனஸ்ரேசியா தன் காலடியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளையளை?"

யூலியாவின் முகம் மாறியது. அக்காவின் கதை அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் பொய் சொல்லவில்லை.

"மதிலுக்கு வெளியிலை அக்கா. பிள்ளையை அப்பிடிச் சாக விட்டதுக்குத் தாய் தேப்பனுக்கும் தண்டனை." அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா ஐரோப்பாவிலை சில இடங்களிலை, கோவில் சுவரோரம், கூரை விளிம்புக்கு நேர் கீழை, குஞ்சுப் பிள்ளையளின்டை எலும்பு வரிசையா வந்திருக்கு. கோவில் கூரையிலை விழுற மழைத்தண்ணி அதுகளுக்கு மேலை சொட்டும்தானே. அதுவே ஞானஸ்நானம் எண்டு நினைச்சுக் களவாத் தாட்டிருப்பினம் எண்டு சில பேர் சொல்லுகினம்."

"இஞ்சையும் இருக்கோ?"

"தெரியாது. சுவரோரம் தோண்ட எங்களுக்கு அனுமதி இல்லை."

அன்றிரவு முழுவதும் அனஸ்ரேசியா அதையே நினைத்துக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள், வியாழக்கிழமை. மார்கழி மாதத்து ஒஸ்லோவில் பிற்பகல் மூன்றரைக்கே பொழுது இருண்டுவிடும். அவள் இடிபாட்டை அடைந்தபோது வானம் கறுத்து, நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிந்தன. உறைநிலைக்குக் கீழே பதினொரு பாகை. காற்று இல்லை. மழையோ பனியோ பெய்யவில்லை.

யூலியாவிடமிருந்து கைபேசியில் செய்தி வந்தது. இன்னும் இருபது நிமிடம் செல்லுமாம்.

கூடாரத்துக்குள் வெளிச்சமும் பேச்சுக்குரலும் இருந்தன. அவளுக்கு ஆட்களைப் பார்க்க மனம் வரவில்லை. பழைய சுவரோரமாக நடந்தாள். முன்தினம் பெய்த பனி கணுக்கால் அளவு கிடந்தது. ஒரு காலடிகூட அதில் பதிந்திருக்கவில்லை.

ஆனால் குழிகள் இருந்தன.

சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, பனியிலே சின்னஞ்சிறு குழிகள். விரல் நுனியளவு. நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில், சுவரின் முழு நீளத்துக்கும் போயின. வீட்டுக் கூரை விளிம்பிலிருந்து நீர் சொட்டினால் கீழே எப்படிக் குழி விழுமோ, அப்படி.

அவள் அண்ணாந்து பார்த்தாள். கூரை இல்லை. மரம் இல்லை. கம்பிகூட இல்லை. வெறும் வானம்.

அப்போது தெருவில் ட்ராம் வண்டி ஒன்று போயிற்று. யன்னல்களில் வெளிச்சம், உள்ளே தலைகள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வண்டி வளைவில் திரும்பி மறைந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வண்டிக்குச் சத்தம் இல்லை.

கூடாரத்துப் பேச்சுக்குரலும் நின்றிருந்தது. தன் மூச்சுகூட அவளுக்குக் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்டது.

சொட்…

சொட்… சொட்…

அவளுடைய புறங்கையில் ஒரு துளி விழுந்தது. உறையும் குளிரில், உறையாத நீர். பாசி மணத்தது.

அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

சுவர் முடியும் மூலையில் ஒருத்தி குந்தியிருந்தாள். தலையை மூடிய தடித்த கம்பளித் துணி. சாயமேற்றாத, ஆட்டு நிறத் துணி. முதலில், கூடாரத்து ஆட்களில் ஒருத்தி என்றுதான் அனஸ்ரேசியா எண்ணினாள். பிறகு அவளுடைய கைகளைப் பார்த்தாள். வெறுங்கை. அவள் நிலத்தைத் தோண்டிக்கொண்டிருந்தாள். கல்லாய் இறுகிய நிலத்தில், நகங்களால். பனியும் அசையவில்லை. மண்ணும் அசையவில்லை. கை மட்டும் போய்ப் போய் வந்தது.

அவளுக்குச் சற்று அப்பால் ஒருவன் நின்றான். முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி. யாராவது வருகிறார்களா என்று காவல் நிற்கிறவனைப் போல.

ஓடியிருக்கலாம். காலை எடுத்து வைக்க முடிந்தது என்றுதான் அனஸ்ரேசியா சொல்லுகிறாள். ஆனால் அவள் ஓடவில்லை. அந்த மனிதனுடைய தோள்களைப் பார்த்தாள்.

தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

அவன் காவல் நிற்கவில்லை… அழுதுகொண்டு நின்றான். பார்க்க முடியாமல் திரும்பி நின்றான்.

அந்தப் பெண் எழுந்தாள். முகத்தில் வயது ஏறவில்லை. இருபது இருக்கலாம். கைகளில் ஒரு துணிச்சுருள். அவள் அருகே வந்தாள். பனியில் அவளுடைய காலடி விழவில்லை. துணிச்சுருளை நீட்டினாள். என்னவோ சொன்னாள். மொழி விளங்கவில்லை. நோர்வீஜியன் மொழி போலவும் இருந்தது, அல்லாதது போலவும் இருந்தது.

அவள் கேட்டது என்னவென்று மட்டும் விளங்கியது. அந்தக் கேள்வியை அனஸ்ரேசியா இரண்டு ஆண்டுகளாகத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுருளுக்குள் ஒரு முகம். கைப்பிடியளவு. கண் மூடியிருந்தது.

இறந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கக்கூடாது. அது அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தது. அவள் ஒரு விரலால் அந்தக் கன்னத்தைத் தொட்டாள்.

உதடு அசைந்தது.

அல்லது அவள் விரல் நடுங்கியது… இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

பைக்குள் வேலைக்குக் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தல் இருந்தது. எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

பெயர் வேண்டும்.

பெயர்…

அந்தத் தாய் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சோஃபி," என்றாள் அனஸ்ரேசியா. "பிதா… சுதன்… பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறன்."

மூன்று முறை வார்த்தாள்.

சொட்டு நின்றது.

மறுகணம், முன்பே போய் மறைந்த ட்ராம் வண்டியின் சத்தம் காதை அடைத்தது. கூடாரத்துக்குள் யாரோ சிரித்தார்கள். சுவரோரத்தில் அவள் ஒருத்தியே நின்றாள். அவள் நடந்த தடத்தைத் தவிர, பனி மெழுகினாற்போல மட்டமாகக் கிடந்தது. ஒரு குழியும் இல்லை. போத்தல் வெறுமையாக இருந்தது. கீழே ஒரு துளி ஈரமும் இல்லை.

யூலியா வந்து தோளைத் தொட்டபோது அவள் அதே இடத்தில் நின்றாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. வா, ரயில் போயிடும்."

வீட்டில் பிலேந்திரன் சோறு வடித்துக்கொண்டிருந்தான். அவள் மேற்சட்டையைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றாள். அவனுடைய முதுகு அவளுக்குத் தெரிந்தது. அதே முதுகு. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, அவனிடம் கோபம் இல்லாமல் ஒன்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். குழிகளை, சொட்டை, தோண்டியவளை, திரும்பி நின்று அழுதவனை. தான் கொடுத்த பெயரையும் சொன்னாள். அவன் அந்தப் பெயரைக் கேட்டது அப்போதுதான் முதற்றடவை.

அவன் சிரிக்கவில்லை. உமக்கென்ன விசரோ என்றும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தான். கதிரையை இழுத்து உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அவள்டை சட்டைக்கை… முழங்கை வரைக்கும் நனைஞ்சிருந்ததோ?"

அனஸ்ரேசியா அதைச் சொல்லியிருக்கவில்லை. இப்போது கேட்டபோதுதான் நினைவுக்கு வந்தது. நனைந்துதான் இருந்தது. அந்தக் குளிரிலும் ஈரம் வடிந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பிலேந்திரன் இரு கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டான். பிறகு, இரண்டு ஆண்டுகளாக ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னான்.

"எனக்குத் தெரியும் அனஸ்ரா, ஆரும் ஊத்தலாம் எண்டு. தாதி கிண்ணத்திலை தண்ணி கொண்டுவந்து வைச்சவ. நான் கிண்ணத்தைத் தூக்கினனான். ஊத்தேலாமப் போச்சு. ஊரிலை அவசரமாத் தண்ணி ஊத்தின பிள்ளையள் ஒண்டும் தப்பினதை நான் காணேல்லை. ஊத்தாட்டில் இருப்பாள் எண்டு நினைச்சன். ஊத்தினா, போ எண்டு சொல்லுற மாதிரி."

அவள் எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள்.

"தாதி ஃபாதருக்குப் போன் எடுக்க வெளியிலை போயிட்டா. நான் யன்னலடியிலை போய் நிண்டனான். பின்னாலை தண்ணி சொட்டுற சத்தம் கேட்டது. திரும்பினன். ஒரு பொம்பிளை. தலையை மூடி, கம்பளித்துணி. நான் ஒரு கன்னியாஸ்திரி எண்டு நினைச்சன். என்னைப் பார்த்து ஏதோ கேட்டவள். பேரைத்தான் கேட்டிருப்பாள். எனக்கு விளங்கேல்லை. விளங்கியிருந்தாலும் சொல்ல என்னட்டைப் பேர் இல்லைத்தானே."

"பிறகு?"

"கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டாள். பிறகு தானே ஒரு பேரைச் சொன்னாள். கிண்ணத்தைத் தொடேல்லை. உள்ளங்கையிலையிருந்து பிள்ளையின்டை நெத்தியிலை வார்த்தாள். மூண்டு தரம். பாசை வேறை. ஆனா பிதா சுதன் எண்டு சொல்லுற அதே தாளம்." தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "நான் கண்ணைத் துடைச்சுப்போட்டுப் பாக்க, ஆளில்லை. எங்கடை பிள்ளையும் போயிட்டாள்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் கேட்டது, நீங்கள் ஊத்தினீங்களோ எண்டு. நான் ஊத்தேல்லை. ஆர் அந்தப் பொம்பிளை எண்டு தாதியைக் கேட்டனான். ஒருத்தரும் வரேல்லையாம். என்னை இருத்தி வைச்சுத் தண்ணி குடிக்கத் தந்தவ. எனக்குத்தான் மூளை பிசகிப்போச்செண்டு நினைச்சன். அதை உமக்கு என்னெண்டு சொல்லுறது?"

அன்று சோற்றை யாரும் தொடவில்லை. இருவரும் மேசையின் இரு பக்கத்திலும் இருந்து அழுதார்கள். குழந்தை போன பிறகு அவர்கள் சேர்ந்து அழுதது அதுவே முதற்றடவை.

ஞாயிறு பூசைக்குப் பிறகு அவள் பியோர்ண்டாலுக்குப் போகவில்லை.

இங்கே நிறுத்தியிருந்தால், துக்கம் மிகுந்த இருவருடைய மயக்கம் என்று விட்டுவிடலாம். ஆனால் தைமாதத்தில் அனஸ்ரேசியா அந்த மருத்துவமனைக்குப் போய், குழந்தையின் உடலைக் கழுவி உடுத்திய மருத்துவிச்சியைத் தேடிப் பிடித்தாள். வயதான நோர்வீஜியப் பெண். பிலேந்திரன் கண்டதைப் பற்றி அவளிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றைக்கு ஏதாவது நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

அந்த அம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. கழுவத் தொடங்குவதற்கு முன்பே குழந்தையின் தலைமயிர் நனைந்திருந்ததாம். தகப்பன் ஞானஸ்நானம் கொடுத்திருப்பார் என்று எண்ணித் துவாயால் ஒற்றினாளாம். ஒன்றுதான் அவளுக்கு விளங்கவில்லையாம். மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், மூடிய அறையில், குழந்தையின் காதுமடலுக்குப் பின்னால் ஒரு துணுக்குப் பச்சைப் பாசி ஒட்டியிருந்ததாம்.

கோடை காலத்தில் கல்லறைக்கு ஒரு கல் வைப்பதென்று இருவரும் முடிவு செய்தார்கள். கல் வெட்டுகிற நோர்வீஜியர், என்ன பெயர் பொறிக்க வேண்டும் என்று கேட்டார்.

அனஸ்ரேசியா தலையைக் குனிந்துகொண்டாள். அவளிடம் இருந்தது ஒரு பெயர். அதை அவள் கொடுத்துவிட்டாள்.

பிலேந்திரன் வாயைத் திறந்தான். அந்தப் பெண் சொன்ன பெயரை அவன் காதாலே கேட்டவன். இரண்டு ஆண்டுகளாக, பேருந்து ஓட்டும்போதும், நித்திரையிலும், நினைவிலிருந்து நழுவிய அதைத் தேடிக்கொண்டிருக்கிறவன். உதடுகள் ஏதோ ஒரு வடிவத்துக்கு வந்தன. சத்தம் வரவில்லை.

கல் வெட்டுகிறவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு, பெயர் வைக்கவில்லையா என்று தாழ்ந்த குரலிற் கேட்டார்.

"வைச்சாச்சு," என்றான் பிலேந்திரன், தமிழிலேயே, மனைவியைப் பார்த்து. "அவளுக்குப் பேர் இருக்கு. எங்களுக்குத்தான் தெரியாது."